ரிக்கெல்மேயை அர்ஜென்டினா ஏன் இன்னும் கொண்டாடுகிறது?

கேள்வி இது: "கால்பந்து வீரர் ஹுவான் ரோமான் ரிக்கெல்மே உலகக் கோப்பை வென்றதில்லை. பார்சிலோனாவில் ஒரே பருவத்தோடு கழற்றிவிடப்பட்டார். ஐரோப்பிய கிளப்புகளின் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் கடைசி நேரத்துப் பெனால்டியைக் கோட்டைவிட்டார். முப்பது வயதில் தேசிய அணியை விட்டே விலகினார். மரடோனாவும் மெஸ்ஸியும் பிறந்த நாட்டில் இவரை எதற்காக இப்படித் தலையில் தூக்கிவைத்துக்கொள்கிறார்கள்?"

சொன்ன நான்கும் உண்மைதான். மறுப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் அவற்றில் பார்சிலோனா விவகாரத்துக்கும் தேசிய அணி விவகாரத்துக்கும் வேர் ஒன்றே. என் ஆட்டத்தை யாருக்காகவும் மாற்றிக்கொள்ள மாட்டேன், எனக்கு மரியாதை இல்லாத இடத்தில் இருக்கவும் மாட்டேன் என்கிற பிடிவாதம் அது. ஐரோப்பாவில் அவருக்கு நஷ்டத்தைக் கொண்டுவந்த அந்தப் பிடிவாதம்தான் புவெனஸ் ஐரிஸின் போகா ஜூனியர்ஸ் கிளப் ரசிகர்களிடம் அவரைக் குலதெய்வம் ஆக்கியது. வாங்கிய கோப்பைகளை மட்டும் எண்ணிப் பார்த்தால் இது பிடிபடாது. (கோப்பைகளும் குறைவில்லை, அதற்குப் பிறகு வருகிறேன்.)

1978 ஜூன் 24 அன்று புவெனஸ் ஐரிஸ் மாகாணத்தின் சான் ஃபெர்னாண்டோவில் பிறந்தார். மறுநாள் அர்ஜென்டினா தன் முதல் உலகக் கோப்பையை வென்றது. பதினோரு பிள்ளைகளில் மூத்தவர். வளர்ந்தது டோன் டொர்குவாத்தோ என்ற புறநகரின் ஏழைக் குடியிருப்பில். அர்ஜென்டினோஸ் ஜூனியர்ஸ் கிளப்பின் சிறுவர் அணியில் ஆட்டம் கற்றார். மரடோனாவை வளர்த்தெடுத்ததும் அதே கிளப்தான். சிறுவயதிலேயே போகா ரசிகராக இருந்தவரை 1996-இல் போகாவே வாங்கியது. அந்த ஆண்டு நவம்பர் 10 அன்று, பதினெட்டு வயதில், சாந்தா ஃபே நகரத்து யூனியன் அணிக்கு எதிராகப் போகாவின் சொந்த அரங்கமான லா பொம்பொனேராவில் முதல் ஆட்டம். அவரைக் களத்தில் இறக்கிய பயிற்சியாளர், 1986-இல் அர்ஜென்டினாவுக்கு உலகக் கோப்பை வாங்கித் தந்த கார்லோஸ் பிலார்தோ.

அடுத்த ஆண்டு மலேசியாவில் நடந்த இளையோர் உலகக் கோப்பையை ஹோசே பெக்கர்மானின் அணி வென்றது. அய்மார், கம்பியாசோ, சாமுவேல் ஆகியோரோடு ரிக்கெல்மேயும் அதில் இருந்தார். 1997 அக்டோபர் 25 அன்று பரம எதிரியான ரிவர் பிளேட்டின் அரங்கில், அப்போது போகாவுக்கு ஆடிக்கொண்டிருந்த மரடோனா தன் கடைசி அதிகாரபூர்வ ஆட்டத்தை ஆடினார். இடைவேளையோடு அவர் வெளியே வந்தார். இரண்டாம் பாதியில் ரிக்கெல்மே உள்ளே போனார். போகா 2-1 என்று வென்றது. பத்தாம் எண் ஜெர்சி கைமாறிய நாள் என்று அந்த ஆட்டத்தைப் பற்றிப் பிற்பாடு பக்கம் பக்கமாக எழுதினார்கள். அன்று அரங்கில் இருந்தவர்களுக்கு அது அப்படித் தோன்றியிருக்குமா என்பது எனக்குச் சந்தேகமே. அப்போது அவர் நல்ல திறமையுள்ள ஒரு பையன், அவ்வளவுதான்.

அவருடைய ஆட்டம் எப்படிப்பட்டது என்று சொல்லாமல் மேலே போகமுடியாது. ரிக்கெல்மே வேகமானவர் கிடையாது. இருபது வயதிலும் ஓடவில்லை, முப்பத்தைந்திலும் ஓடவில்லை. பந்து காலுக்கு வந்ததும் முதுகை எதிராளியின் பக்கம் திருப்பி, இடுப்பைச் சற்று வெளியே தள்ளி, வலது பாதத்தின் அடிப்பகுதியைப் பந்தின் மேல் வைத்துக்கொள்வார். பின்னால் நிற்பவன் இடமாக வந்தால் பந்து வலமாக உருளும், வலமாக வந்தால் இடமாக உருளும். ஃபவுல் செய்யாமல் அதை எடுத்த தற்காப்பு வீரர்கள் மிகச் சிலர். இப்படி இரண்டு பேரைத் தன்மேல் இழுத்துக்கொண்டு, அவர்கள் விட்டுவந்த இடத்துக்கு ஒரு சக வீரர் ஓடும்வரை காத்திருப்பார். ஓடிவிட்டால் பாஸ் போகும். ஓடவில்லையென்றால் பந்து அவரிடமே இருக்கும்.

நடுக்களத்துக்கும் இரண்டு முன்கள வீரர்களுக்கும் நடுவில் நின்று ஆட்டத்தைக் கட்டும் இந்த இடத்தை அர்ஜென்டினாவில் 'எங்காஞ்சே' என்பார்கள். தடுப்பாட்டத்தில் அந்த ஆளிடம் பெரிதாக எதையும் எதிர்பார்க்கமாட்டார்கள். அவருக்காக ஓடவும் பந்தைப் பறித்துத் தரவும் மூன்று பேர் வேண்டும். 1990-களின் இறுதியில் ஐரோப்பிய அணிகள் இந்த இடத்தையே ஒழித்துக்கொண்டிருந்தன. பத்துப் பேரும் ஓட வேண்டும், பத்துப் பேரும் பந்தைப் பறிக்க வேண்டும் என்ற காலம் வந்துவிட்டது. ரிக்கெல்மேயை எடுக்கும் பயிற்சியாளர் முழு அணியையும் அவரைச் சுற்றி அடுக்க வேண்டும், அல்லது அவரை எடுக்கவே கூடாது. நடுவழி என்று ஒன்று இல்லை. அவருடைய தொழில் வாழ்க்கையின் ஏற்ற இறக்கம் முழுவதையும் இதை வைத்தே விளக்கிவிடலாம்.

1998-இல் போகாவுக்குப் பயிற்சியாளராக வந்த கார்லோஸ் பியாஞ்சி தயங்காமல் முதல் வழியைத் தேர்ந்தார். பின்னால் செர்னா, பத்தாலியா போன்ற உழைப்பாளிகள். முன்னால் மார்ட்டின் பலெர்மோ என்ற நெட்டையான கோல் இயந்திரமும் கியெர்மோ பாரோஸ் ஸ்கெலோட்டோ, டெல்காதோ போன்ற வேகக்காரர்களும். நடுவில் ரிக்கெல்மே. அந்த அணி லீக்கில் 40 ஆட்டங்கள் தொடர்ந்து தோற்காமல் ஆடியது. 1998, 1999 பட்டங்களைத் தொடர்ந்து 2000-இலும் 2001-இலும் தென் அமெரிக்காவின் மிகப் பெரிய கிளப் கோப்பையான லிபர்த்தடோரஸையும் வென்றது. இரண்டு முறையும் இறுதி ஆட்டம் பெனால்டிகளில் முடிந்தது. முதல் முறை சாவோ பாலோவில் பால்மெய்ராஸ், அடுத்த முறை மெக்சிகோவின் குரூஸ் அசூல்.

இந்த வரிசையில் போகாக்காரர்கள் மனப்பாடமாக வைத்திருப்பது, இறுதி ஆட்டம் எதையும் அல்ல, 2000 மே 24 இரவைத்தான். லிபர்த்தடோரஸ் காலிறுதியின் இரண்டாவது ஆட்டம், எதிரில் ரிவர் பிளேட். முதல் ஆட்டத்தை ரிவர் 2-1 என்று வென்றிருந்தது. பொம்பொனேராவில் போகா 3-0 என்று பதில் சொன்னது. ஒரு கோல் ரிக்கெல்மேயின் பெனால்டி. முழங்கால் காயத்திலிருந்து பல மாதங்களுக்குப் பிறகு திரும்பிய பலெர்மோ இன்னொரு கோல் அடித்தார். ஆனால் இன்றுவரை திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டப்படுவது கோலில் முடியாத ஒரு காட்சி. பக்கவாட்டுக் கோட்டருகே ரிக்கெல்மே பந்தோடு நிற்கிறார். முதுகுக்குப் பின்னால் கொலம்பியாவின் மரியோ யேப்பெஸ், உயரமான, முரட்டுத் தற்காப்பு வீரர். திரும்பிப் பார்க்காமலேயே பாதத்தால் பந்தைப் பின்னுக்கு உருட்டி, யேப்பெஸின் இரண்டு கால்களுக்கு நடுவே அனுப்பிவிட்டு, சுற்றிக்கொண்டு போய் எடுத்துக்கொள்கிறார். ஆட்டத்தின் முடிவை அது மாற்றவில்லை. ஆனால் ரிவர் ரசிகரான ஒருவரிடம் அதைப் பற்றிப் பேச்செடுத்துப் பாருங்கள், முகம் மாறும்.

அந்த ஆண்டு நவம்பர் 28, டோக்கியோ. ஐரோப்பாவின் சாம்பியனும் தென் அமெரிக்காவின் சாம்பியனும் மோதும் கண்டங்களுக்கிடையிலான கோப்பை. எதிரில் ஃபிகோ, ரவுல், ராபர்ட்டோ கார்லோஸ், இயெர்ரோ, கசியாஸ் எனத் திரண்டு வந்திருந்த ரியல் மாட்ரிட். ஆறு நிமிடங்களில் பலெர்மோ இரண்டு கோல் போட்டுவிட்டார். இரண்டாவது கோலுக்கு ரிக்கெல்மே தன் பாதியிலிருந்து அனுப்பிய நெடும் பாஸ், ஓடிக்கொண்டிருந்த பலெர்மோவின் முன்னால் போய் விழுந்தது. சற்று நேரத்தில் ராபர்ட்டோ கார்லோஸ் ஒரு கோலைத் திருப்பினார். மிச்சமிருந்த முக்கால்வாசி ஆட்டம் முழுக்க மாட்ரிட் துரத்த வேண்டிய நிலை. அவர்கள் துரத்தியது பெரும்பாலும் ரிக்கெல்மேயைத்தான். பந்தைப் பறிப்பதில் அக்காலத்தில் நிகரில்லாதவர் என்று பெயரெடுத்த மகலேலே ஒரு பக்கமும், ஜெரெமி இன்னொரு பக்கமும் நெருக்க, இருபத்திரண்டு வயதுப் பையன் பந்தைக் காலடியில் வைத்துக்கொண்டு கடிகாரத்தை ஓடவிட்டான். போகா 2-1. ஆட்ட நாயகன் பரிசு பலெர்மோவுக்குப் போனது, அதில் தவறில்லை. உலகம் பேசியது மற்றவனைப் பற்றி.

இனி, பிற்பாடு புகழ்பெற்ற ஒரு கைச்சைகை. 2001 ஏப்ரல் 8, மறுபடியும் போகா–ரிவர், 3-0. ரிக்கெல்மேயின் பெனால்டியை ரிவர் கோல்கீப்பர் கொஸ்தான்சோ தடுத்துவிட, திரும்பி வந்த பந்தை ரிக்கெல்மே தலையால் வலைக்குள் தள்ளினார். ரசிகர்களிடம் ஓடவில்லை. கிளப் நிர்வாகிகள் உட்காரும் மாடத்தின் எதிரே போய் நின்று, இரண்டு உள்ளங்கைகளையும் காதுக்குப் பின்னால் குவித்து வைத்துக்கொண்டு அசையாமல் பார்த்தார். அங்கே உட்கார்ந்திருந்தவர் கிளப்பின் தலைவர் மவுரிசியோ மக்ரி, நாட்டின் பெரும் தொழில் குடும்பம் ஒன்றின் வாரிசு. 2015-இல் அர்ஜென்டினாவின் அதிபரானவரும் அவரேதான். அப்போது இருவருக்கும் சம்பளத் தகராறு. அணிக்கு அத்தனை கோப்பை கொண்டுவந்தவருக்கு உரிய பணம் தரத் தலைவர் மறுக்கிறார் என்பது ஊரறிந்த விஷயம். பிறகு செய்தியாளர்கள் கேட்டபோது ரிக்கெல்மே முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, தோப்போ ஜிஜோ என்ற பெரிய காது பொம்மை எலியை என் மகளுக்குப் பிடிக்கும், அவளுக்காகச் செய்தேன் என்றார். ஒருவரும் நம்பவில்லை. நம்ப வேண்டும் என்று அவரும் எதிர்பார்க்கவில்லை.

ஏழைக் குடியிருப்பிலிருந்து வந்த கருத்த பையன் கோடீஸ்வர முதலாளியை முழு அரங்கின் முன்னால் நிறுத்திக் கேள்வி கேட்டான் என்று அந்தக் காட்சியைப் போகாவின் சாதாரண ரசிகன் எடுத்துக்கொண்டான். துறைமுகத் தொழிலாளர் பேட்டையில் பிறந்த கிளப் அது. இதைவிடப் பொருத்தமான நாயகன் அதற்குக் கிடைத்திருக்க மாட்டான்.

2002-இல் அவருடைய தம்பி ஒருவர் கடத்தப்பட்டு, பணம் கொடுத்து மீட்கப்பட்டார். நாடே பொருளாதாரச் சரிவில் கிடந்த நேரம் அது. அந்தக் கோடையில் ரிக்கெல்மே பார்சிலோனாவுக்குப் போனார். பத்தாம் எண் ஜெர்சி கொடுத்தார்கள். ஆனால் பயிற்சியாளர் லூயி வான் கால் அவரைக் கேட்டு வாங்கவில்லை. நிர்வாகம் அரசியலுக்காக எடுத்த ஆள் என்ற எண்ணம் அவருக்கு. எங்காஞ்சேக்கு அவருடைய திட்டத்தில் இடமே கிடையாது. ஆடிய நாட்களில் இடது ஓரத்தில் நிறுத்தினார். ஓடாத மனிதரை ஓட்டம் மட்டுமே தேவைப்படும் இடத்தில் நிறுத்தினால் என்ன ஆகும்? பருவத்தின் நடுவில் வான் காலே வேலையிழந்தார், அணி ஆறாம் இடத்தில் முடித்தது. 2003-இல் ரொனால்டினோ வந்தார், பத்தாம் எண் அவருக்குப் போனது, ரிக்கெல்மே கடனாக வில்லாரியலுக்கு அனுப்பப்பட்டார்.

இதற்கு ஒரு பின்கதை உண்டு. 2022 டிசம்பர் 9, கத்தார் உலகக் கோப்பைக் காலிறுதி, அர்ஜென்டினா–நெதர்லாந்து. நெதர்லாந்தின் பயிற்சியாளர் அதே வான் கால். இரண்டாவது கோலைப் பெனால்டியில் அடித்த மெஸ்ஸி, நேராக நெதர்லாந்து அணியின் பெஞ்சுக்கு எதிரே போய் நின்று இரண்டு கைகளையும் காதுக்குப் பின்னால் குவித்தார். பார்த்த மாத்திரத்தில் அர்ஜென்டினா முழுவதற்கும் அதன் பொருள் புரிந்தது. உலகின் தலைசிறந்த வீரர், இருபது ஆண்டுகளுக்கு முன்பு ஓரங்கட்டப்பட்ட ஒருவருக்காக வக்காலத்து வாங்கினார் என்றே அதை எடுத்துக்கொண்டார்கள். "ஏன் இன்னும் கொண்டாடுகிறார்கள்" என்ற கேள்விக்குப் பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது.

வில்லாரியல் ஐம்பதாயிரம் பேர் வாழும் ஊர். ஓடு, டைல்ஸ் தொழிற்சாலைகளுக்குப் பெயர் போனது. 2004-இல் பயிற்சியாளராக வந்த சிலி நாட்டு மானுவல் பெயெக்ரினி, பியாஞ்சி செய்ததையே செய்தார்: ஓடுவதற்கு மார்க்கோஸ் சென்னா போன்றவர்கள், முன்னால் டியேகோ ஃபொர்லான், எல்லாப் பந்தும் ரிக்கெல்மே வழியாக. 2004-05 பருவத்தில் ஸ்பெயின் லீக்கில் மூன்றாம் இடம். ஃபொர்லான் 25 கோல் அடித்து லீக்கின் முதல் கோலாளி ஆனார். நடுக்களத்திலிருந்து ரிக்கெல்மே 15 கோல் அடித்தார். அடுத்த ஆண்டு சாம்பியன்ஸ் லீக். தகுதிச் சுற்றில் எவர்டன் வெளியே போனது. மான்செஸ்டர் யுனைடெட் இருந்த குழுவில் வில்லாரியல் முதலிடம், மான்செஸ்டர் கடைசி இடம். பிறகு ரேஞ்சர்ஸ், பிறகு இன்டர் மிலான். இன்டரை வீழ்த்திய ஒரே கோல், ரிக்கெல்மேயின் ஃப்ரீ கிக்கை அர்ருவபர்ரேனா தலையால் அடித்தது. அந்த இருவரும் போகாவில் ஒன்றாக ஆடியவர்கள்.

அரையிறுதியில் ஆர்சனல். லண்டனில் 0-1. 2006 ஏப்ரல் 25 அன்று சொந்த ஊரில் ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது 0-0 என்ற நிலையில் பெனால்டி கிடைத்தது. அடித்தால் கூடுதல் நேரம். ரிக்கெல்மே அடித்த பந்தை யென்ஸ் லேமன் தன் இடப்பக்கம் பாய்ந்து தடுத்தார். இதை வைத்து "பெரிய நேரத்தில் கைவிடுபவர்" என்று அவரைச் சொல்வோர் உண்டு. எனக்கு இது நியாயமாகப் படவில்லை. அந்த ஊரை அந்த இடம்வரை கூட்டிவந்ததே அவர்தான், வேறு யாராவது அடித்திருந்தால் நாம் இன்று அந்தப் பெனால்டியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கவே மாட்டோம்.

இரண்டே மாதத்தில் உலகக் கோப்பை. நம்மில் பலர் அவரை முதன்முதலில் பார்த்தது அந்த ஜெர்மனி ஆட்டங்களில்தான். மலேசியாவில் அவரை நம்பிய பெக்கர்மானே இப்போது தேசியப் பயிற்சியாளர். செர்பியா–மான்டினீக்ரோவுக்கு எதிரான 6-0 ஆட்டத்தில், இருபதுக்கும் மேற்பட்ட பாஸ்களுக்குப் பிறகு கம்பியாசோ அடித்த கோல் அந்தப் போட்டியின் ஆகச் சிறந்த அணிக் கோல். ஜூன் 30 அன்று பெர்லினில் காலிறுதி. ரிக்கெல்மேயின் கார்னரை அயாலா தலையால் அடிக்க, அர்ஜென்டினா 1-0. எழுபத்திரண்டாவது நிமிடத்தில் பெக்கர்மான் ரிக்கெல்மேயை வெளியே எடுத்துக் கம்பியாசோவை இறக்கினார். எட்டு நிமிடத்தில் குளோசே சமன் செய்தார். பெனால்டிகளில் ஜெர்மனி வென்றது. பத்தொன்பது வயது மெஸ்ஸி கடைசிவரை பெஞ்சிலேயே இருந்தார். அர்ஜென்டினாவில் அந்த மாற்றத்தைப் பற்றிய வாதம் இன்றும் முடியவில்லை. என் கருத்து: ரிக்கெல்மே அன்று களைத்துத்தான் இருந்தார், ஆனால் முன்னிலையில் இருக்கும்போது பந்தை வைத்துக்கொள்ளத் தெரிந்த ஒரே ஆளை வெளியே எடுப்பது, பந்தை எதிரணிக்கு எழுதிக் கொடுப்பதற்குச் சமம்.

தோல்விக்குப் பிறகு அவர்மீது வசை கொட்டியது. அதைப் பார்த்துத் தன் தாயின் உடல்நிலை கெட்டது என்று சொல்லிச் சில மாதங்களில் தேசிய அணியிலிருந்து விலகினார். மறு ஆண்டு திரும்பி வந்து, தென் அமெரிக்க நாடுகள் மோதும் கோப்பா அமெரிக்காவில் ஐந்து கோல் அடித்தார். இறுதி ஆட்டத்தில் பிரேசில் 3-0 என்று வென்றது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் மெஸ்ஸி, டி மரியா, அகுவேரோ இருந்த அணிக்குத் தலைவராகத் தங்கம் வாங்கினார். பிறகு மரடோனா தேசியப் பயிற்சியாளர் ஆனார். ரிக்கெல்மே எங்கே நின்று எப்படி ஆட வேண்டும் என்று அவர் தொலைக்காட்சியில் பேசினார். 2009 மார்ச்சில் ரிக்கெல்மேயும் தொலைக்காட்சியிலேயே பதில் சொன்னார்: எங்கள் இருவரின் நெறிமுறைகளும் ஒத்துப்போகவில்லை, நான் விலகுகிறேன். அர்ஜென்டினாவில் மரடோனாவுக்கு எதிராக இப்படிப் பேசிவிட்டு ஒரு கால்பந்து வீரர் மரியாதையோடு வீடு திரும்ப முடியும் என்பதை நம்புவதே கடினம். இவர் திரும்பினார். தேசிய அணிக்கு 51 ஆட்டங்கள், 17 கோல்கள், அத்தோடு முடிந்தது.

வில்லாரியலிலும் கதை கசந்தது. 2007 தொடக்கத்தில் பெயெக்ரினியோடு முறிந்துபோய் அணியிலிருந்தே ஒதுக்கப்பட்டார். அவருக்குச் சாதகமில்லாத ஒரு தகவலையும் இங்கே சொல்லிவிடுகிறேன்: அவர் போன பிறகு, 2007-08 பருவத்தில் வில்லாரியல் ஸ்பெயினில் இரண்டாம் இடம் பிடித்தது. அவரால்தான் எல்லாம் என்று சொல்பவர்கள் இதைத் தாண்டிக் குதித்துவிடுவார்கள்.

ஆனால் அந்த ஒதுக்கல்தான் அவர் வாழ்க்கையின் உச்சத்துக்கு வழிவிட்டது. பிப்ரவரியில் சில மாதக் கடனில் போகாவுக்கு வந்தார். லிபர்த்தடோரஸில் எட்டு கோல். இறுதி ஆட்டத்தில் பிரேசிலின் கிரேமியோ. பொம்பொனேராவில் 3-0, அதில் ஒன்று அவருடைய ஃப்ரீ கிக். போர்த்தோ அலெக்ரேயில் 2-0, இரண்டும் அவர் அடித்தவை. முதலாவது, பெட்டிக்கு வெளியிலிருந்து வளைந்துபோய் மேல் மூலையில் இறங்கிய பந்து. இறுதி ஆட்டத்தின் இரண்டு கட்டத்திலும் சேர்த்து ஒரு நடுக்கள வீரர் மூன்று கோல் அடித்து, தன் கிளப்புக்குக் கோப்பையைக் கையில் கொடுத்துவிட்டு, கடன் முடிந்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஸ்பெயினுக்குத் திரும்ப வேண்டியதாயிற்று! பதிவு விதிகளால் அந்த ஆண்டு டிசம்பரில் நடந்த கிளப் உலகக் கோப்பையில் ஆட முடியவில்லை. போகா மிலானிடம் 4-2 என்று தோற்றது. 2008 தொடக்கத்தில் நிரந்தரமாகப் போகாவுக்கு வந்துவிட்டார்.

ஐரோப்பாவில் தங்கிச் சம்பாதித்திருக்கலாம். இருபத்தொன்பது வயது, ஆட்டம் முழு வீச்சில் இருந்த காலம். பொதுவாகத் தென் அமெரிக்க நட்சத்திரங்கள் கால் தளர்ந்த பிறகுதான் ஊர் திரும்புவார்கள். இவர் சாறு வற்றுவதற்கு முன்பே வந்தார் என்பதைப் போகா ரசிகர்கள் மறக்கவே இல்லை.

இவரைப் புனிதராக்க வேண்டாம். உடைமாற்றும் அறையில் கட்சி பிரித்தார் என்ற குற்றச்சாட்டு ஆதாரமில்லாதது அல்ல. பலெர்மோவும் இவரும் பல ஆண்டுகள் பேசிக்கொள்ளாமலேயே சேர்ந்து ஆடினார்கள். 2010 ஏப்ரல் 12 அன்று சரந்தி நகரத்து ஆர்செனலுக்கு எதிராகப் பலெர்மோ தன் 219-ஆவது கோலை அடித்து, போகாவின் நீண்டகால கோல் சாதனையை முறியடித்தார். அந்தப் பந்தைக் கொடுத்தவர் ரிக்கெல்மே. கோல்கீப்பரைத் தாண்டிவிட்டார், தானே அடித்திருக்கலாம், பக்கத்தில் வந்த பலெர்மோவுக்குத் தள்ளினார். கோல் விழுந்ததும் அணி முழுவதும் பலெர்மோ மீது பாய்ந்தது. ரிக்கெல்மே எதிர்த்திசையில் ஓடித் தனியாகக் கூட்டத்தின் முன்னால் நின்று கொண்டாடினார். தன்னலமில்லாத பாஸையும் தாங்க முடியாத அகங்காரத்தையும் பத்து நொடிக்குள் ஒரே மனிதரிடம் பார்க்க வேண்டுமென்றால் அந்தக் காட்சியைத் தேடிப் பாருங்கள்.

அதே ஆண்டு அவருக்கு நான்கு ஆண்டு ஒப்பந்தம் தரப்பட்டபோது, அதை எதிர்த்துக் கிளப்பின் பொருளாளர் டானியேல் ஆங்ஜெலிசி பதவி விலகினார். அவரே 2011 டிசம்பரில் தலைவரானார். மறு ஆண்டு ஜூலையில் லிபர்த்தடோரஸ் இறுதியில் பிரேசிலின் கொரிந்தியான்ஸிடம் தோற்ற அன்றிரவே ரிக்கெல்மே, "நான் காலியாகிவிட்டேன், இந்தக் கிளப்புக்குக் கொடுக்க என்னிடம் இனி ஒன்றுமில்லை" என்று சொல்லி விலகினார். பியாஞ்சி மீண்டும் பயிற்சியாளரானதும் 2013-இல் திரும்பி வந்தார். 2014-இல் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. போகாவுக்கு மொத்தம் 388 ஆட்டங்கள், 92 கோல்கள், மூன்று லிபர்த்தடோரஸ் உட்பட 11 பட்டங்கள். அதன் பிறகு தன்னை வளர்த்த அர்ஜென்டினோஸ் ஜூனியர்ஸுக்குப் போனார். அப்போது இரண்டாம் பிரிவில் கிடந்த கிளப் அது. அதை முதல் பிரிவுக்கு ஏற்றிவிட்டு, 2015 ஜனவரியில் ஓய்வை அறிவித்தார்.

இங்கேதான் கதை முடிய வேண்டும். முடியவில்லை. அர்ஜென்டினாவில் கிளப்புகள் உறுப்பினர்களின் சங்கங்கள். தனி முதலாளி கிடையாது, தலைவரை உறுப்பினர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். 2019 டிசம்பரில் ஹோர்கே அமெயாலின் அணியில் துணைத் தலைவர் வேட்பாளராக நின்று, ஆங்ஜெலிசியின் தரப்பை ரிக்கெல்மே தோற்கடித்தார். 2023-இல் தலைவர் பதவிக்கே நின்றார். எதிர்த்தரப்பில் தலைவர் வேட்பாளர் ஆந்த்ரேஸ் இபார்ரா. துணைத் தலைவர் வேட்பாளர் யார் தெரியுமா? நாட்டின் முன்னாள் அதிபர் மவுரிசியோ மக்ரி. புதிதாகப் பதவியேற்றிருந்த அதிபர் ஹவியேர் மிலேயின் ஆதரவும் அந்தத் தரப்புக்கே. மிலே வாக்களிக்க வந்தபோது அங்கே திரண்டிருந்தவர்கள் கூச்சலிட்டார்கள். வழக்கால் தள்ளிப்போன தேர்தல் டிசம்பர் 17 அன்று நடந்தது. நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் வாக்களித்தார்கள். ஏறத்தாழ 65 சதவீதம் ரிக்கெல்மேக்கு. காதுக்குப் பின்னால் கை வைத்து இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, அந்த மாடம் அவருக்கே வந்தது.

அதற்குச் சில மாதங்கள் முன்பு, ஜூன் 25 அன்று, தாமதமான பிரியாவிடை ஆட்டம். மெஸ்ஸியின் பிறந்த நாளும் ஜூன் 24-தான். முந்தின நாள் ரொசாரியோவில் மாக்சி ரோட்ரிகஸின் பிரியாவிடையில் ஆடிவிட்டு, மறுநாள் பொம்பொனேராவுக்கு வந்து ஆடினார். உலகக் கோப்பையை வென்று ஆறு மாதமே ஆகியிருந்த மெஸ்ஸி வந்திருந்தும், அன்றைய கூட்டம் பாடியது ரிக்கெல்மேயின் பெயரை.

நிர்வாகியாக அவர் எப்படி என்று கேட்டால் என் பதில் அவ்வளவு உற்சாகமாக இருக்காது. துணைத் தலைவராக இருந்த காலத்தில் உள்நாட்டுக் கோப்பைகள் நிறைய வந்தன. ஆனால் பயிற்சியாளர்கள் வருவதும் போவதுமாக இருந்தார்கள், கால்பந்துக் குழுவில் பழைய சக வீரர்களையே வைத்துக்கொண்டார். லிபர்த்தடோரஸ் இன்னும் எட்டவில்லை. 2023 இறுதி ஆட்டத்தில் ஃபுளுமினென்சேயிடம் தோல்வி, 2025-இல் பெருவின் அலியான்சா லிமாவிடம் தகுதிச் சுற்றிலேயே வெளியேற்றம். யாருக்கும் வளையாத குணம் பத்தாம் எண் சட்டைக்குள் இருந்தபோது அழகாக இருந்தது. தலைவர் நாற்காலியில் அதற்கு விலை அதிகம்.

கடைசியாக, அவருடைய ஆட்டத்தைப் பார்க்க விரும்பினால் கோல் தொகுப்புகளைத் தவிர்த்துவிடுங்கள். பந்தை வைத்துக்கொண்டு அவர் காத்திருக்கும் நேரத்தைத் தொகுப்பாளர்கள் முதலில் வெட்டி எறிந்துவிடுவார்கள். 2000 டோக்கியோ ஆட்டம் முழுதாகக் கிடைக்கிறது. முதல் பதினைந்து நிமிடத்தில் கோல்கள் எல்லாம் முடிந்துவிடும், அதற்குப் பிறகுதான் கவனமாகப் பார்க்க வேண்டும். அது பிடித்திருந்தால் 2006 வில்லாரியல்–இன்டர், பிறகு 2007 போர்த்தோ அலெக்ரே. பிடிக்கவில்லை, இந்த ஆள் ஏன் ஓடவே மாட்டேன் என்கிறார் என்று எரிச்சல் வந்தால், வான் காலின் கட்சியில் சேர்ந்துகொள்ளலாம். அதிலும் கூட்டத்துக்குக் குறைவில்லை.